‘அவளுக்கு அந்த கட் நல்லாவே இல்லக்கா!’

திண்டுக்கல்லில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். சீட்டுப் பணம், மாமியார், தங்கம் விலை என்று எங்கே தொடங்கினாலும், தலையில் தண்ணீர் தெளித்துச் சீப்பை வைத்ததும் பேச்சு நடிகைகளின் முடிக்கு வந்துவிடும். யார் வெட்டிவிட்டாள், யார் சுருட்டையை நீட்டிவிட்டாள், யாருக்கு முன்முடி கண்ணை மறைக்கிறது என்று எல்லாவற்றுக்கும் இங்கே தீர்ப்பு உண்டு. காத்திருக்கிற பெஞ்சில் இருப்பவர்களும் கூடச் சேர்ந்துகொள்வார்கள்.

இத்தனை வருஷம் கேட்டதில் ஒன்று புரிந்தது. ஒரு நடிகையின் குட்டை முடியை யார் ரொம்ப ஆவேசமாகத் திட்டுகிறாரோ, பெரும்பாலும் அவர்தான் அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ வந்து, "தோள் வரைக்கும் எடுத்தா எனக்கு எப்படி இருக்கும்க்கா?" என்று மெல்லக் கேட்பார். உண்மையிலேயே பிடிக்காதவர்கள் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். நின்று திட்டுகிறவருக்குத்தான் அதில் ஏதோ வேலை இருக்கிறது.

அதனால் நான் எதிர்வாதம் செய்வதில்லை. "எது நல்லா இல்ல? நீளமா, நெத்தியில விழுறதா, கலரா?" என்று மட்டும் கேட்பேன். பதிலில் அவருடைய ஆசை வெளியே வந்துவிடும். "கலர் பரவாயில்ல, ஆனா இவ்வளவு குட்டையா" என்றால் கலர் மேல் கண். "குட்டையா இருக்கலாம், ஆனா காதுக்கு மேல போயிருக்கக் கூடாது" என்றால் காதுக்குக் கீழே நிற்கிற ஒரு பாப் கட்டை மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். புதிதாகத் தொழிலுக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கத்தரி பிடிப்பது எல்லாம் அப்புறம்.

இதெல்லாம் இன்ஸ்டாகிராம் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அம்மாக்களின் காலத்தில் சாதனா கட் இருந்தது. 1960இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ என்ற இந்திப் படத்தில் நடித்த சாதனாவுக்கு நெற்றி அகலமாகத் தெரிகிறது என்று இயக்குநர் ஆர்.கே. நய்யார் யோசித்து, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் போல முன்முடியை வெட்டிவிட வைத்தார். ஒரு முகத்தில் ஒரு குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு. படம் பார்க்காத ஊர்களில்கூட அந்தப் பெயர் பரவி, நெற்றியே இரண்டு விரல் அகலம் இருந்தவர்களும் வெட்டிக்கொண்டார்கள். ஆல்பத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு சித்தியாவது சிக்குவார்.

முன்முடி கேட்டு வருகிறவர்களிடம் நான் சாதனா கதையைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அந்த கட் எந்தப் பிரச்சினைக்காக வந்தது, அந்தப் பிரச்சினை உங்களுக்கு இருக்கிறதா? நெற்றி சின்னதாக இருப்பவர்களுக்கு முன்முடி விழுந்தால் முகம் இன்னும் சுருங்கிவிடும். அடுத்து, முன் வரியில் சுழி இருக்கிறதா என்று ஈரமில்லாத முடியில் பார்க்க வேண்டும். சுழி இருந்தால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் காய்ந்ததும் அந்த இடத்தில் பிளந்து நிற்கும். தினமும் டிரையர் வைத்து அமுக்கப் பொறுமை இருந்தால் சரி. பிறகு நம் ஊர் வெயில். நெற்றி வியர்வையும் முகத்து எண்ணெயும் சேர்ந்து மதியத்துக்குள் முன்முடி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு அங்கே பருவும் வரும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை நுனி எடுக்கவும் வர வேண்டும்.

வெட்டுவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. உச்சியில் குதிரைவால் போட்டு, அதன் நுனியை முன்பக்கம் நெற்றிக்கு இழுத்து பின் குத்துங்கள். அரை நாள் அப்படியே வீட்டில் வேலை செய்யுங்கள். கண்ணைக் குத்தினால், எரிச்சல் வந்தால், தெரிந்துவிடும்.

நதியா காலம் வேறு மாதிரி. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று ஊரே மாறியது. அந்தக் கொண்டையில் எனக்குப் பிடித்த விஷயம், சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. இப்போதும் ஒரு நடிகையைப் பார்த்து ஆசை வந்தால் முதல் முயற்சி அவிழ்க்கக் கூடியதாக இருக்கட்டும் என்பேன். பாப் கட் வேண்டுமென்றால் முடியைக் கழுத்தோடு தளர்வாகக் கட்டி, உள்பக்கம் மடித்துப் பின் குத்தி முன்னால் கொஞ்சம் இழுத்துவிட்டால் போலி பாப் கிடைக்கும். அதோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். நாலு பேர் சொல்கிற கருத்தும் கிடைத்துவிடும், முடியும் தலையில் இருக்கும்.

லேயர் கட்டும் ஸ்டெப் கட்டும் கேட்பவர்களுக்கு அமெரிக்க நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் கதை. 1990களின் நடுவில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் அவர் ஏற்ற ரேச்சல் பாத்திரத்தின் முடிவெட்டு உலகம் முழுக்கப் போனது. வெட்டியவர் கிறிஸ் மெக்மில்லன். பின்னாளில் அனிஸ்டனே அந்த வெட்டு தனக்குப் பிடிக்கவில்லை, மெக்மில்லன் உதவியில்லாமல் தன்னால் அதைப் பராமரிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். உலகமே ஆசைப்பட்ட தலை, சொந்தக்காரிக்கே கைக்கு அடங்கவில்லை. லேயர் என்பது முடியை அடுக்கடுக்காக வேறு வேறு நீளத்தில் வெட்டுவது. அது முடியை விரித்துவிட்டு, ரவுண்ட் பிரஷ் வைத்து ஊதி உலர்த்துகிறவர்களுக்கு உரியது. தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிப் போகிறவர் லேயர் வெட்டினால் பின்னலின் பக்கவாட்டில் குட்டை முடிகள் எல்லாம் விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இதை எந்தப் படமும் காட்டாது. பின்னல் போடுகிறவருக்கு யு கட் போதும். விளிம்பில் மட்டும் லேசாக வளைவு வரும், பின்னலும் கெடாது.

இனி படங்களுக்கு வருகிறேன். சென்னையில் சினிமா ஹேர் டிரெஸ்ஸராக இருக்கும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவளிடம் கேட்ட பிறகு நடிகைகளின் முடியைப் பற்றி நான் கருத்துச் சொல்வதே குறைந்துவிட்டது. ஒரு நடிகை ஒரே நேரத்தில் இரண்டு படத்தில் நடிக்கிறார் என்றால் இஷ்டத்துக்கு முடி வெட்ட முடியாது. காலையில் எடுத்த காட்சியின் தொடர்ச்சியை மூன்று மாதம் கழித்து எடுப்பார்கள், முடி அதே நீளத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு படத்துக்குச் சொந்த முடி, இன்னொன்றுக்கு விக். திடீரென்று ஒருவர் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தால் நாம் காதல் தோல்வி, மன அழுத்தம் என்றெல்லாம் கதை கட்டுகிறோம். பல நேரம் ஷெட்யூல் முடிந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் இடுப்பு வரை வளர்ந்துவிட்டால் அது எக்ஸ்டென்ஷன். "என்ன எண்ணெய் தேய்க்கிறாங்கன்னு தெரியலையே" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எந்த எண்ணெய்க்கும் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வளரும்.

நம் பாட்டிகள் சவுரி வைத்துப் பின்னியது இதே வேலைதான், குஞ்சலமும் சேர்த்து. எங்கள் மாவட்டத்துப் பழனியிலும் அங்கே திருப்பதியிலும் காணிக்கையாக இறக்குகிற முடி ஏலத்துக்குப் போகிறது. அதில் நீளமான ரகம் சுத்தம் செய்யப்பட்டு, விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் வெளிநாடு வரை போகிறது. ‘அந்த வெள்ளைக்காரிக்கு என்ன முடி பாரு’ என்று நாம் வாயைப் பிளக்கிற தலையில் பழனி மலையடிவாரத்து முடி இருந்தாலும் ஆச்சரியமில்லை.

2022இல் ‘பொன்னியின் செல்வன்’ வந்த பிறகு கல்யாணப் பெண்கள் குந்தவை கொண்டை கேட்டு வந்தார்கள். த்ரிஷாவின் படத்தை வைத்துக்கொண்டு, "இதே உயரம் வரணும்க்கா" என்பார்கள். அந்த உயரம் யாருடைய சொந்த முடியிலும் நிற்காது. உள்ளே பஞ்சு வளையம், மேலே பொய்முடி, அதற்கு மேல் நகை. முகூர்த்தத்திலிருந்து பந்தி முடிகிற வரை அந்தக் கனத்தைத் தாங்கப் போவது நெற்றியோரத்து மெல்லிய முடி. அந்த இடத்தை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தால் முடி வேரோடு போய், நெற்றி பின்வாங்கும். கனமான கொண்டை வேண்டுமென்றால் கிளிப் எல்லாம் பிடரிப் பக்கம் தாங்குகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், வரவேற்புக்கு வேறு, முகூர்த்தத்துக்கு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உயரமே வேண்டாம், அழகு போதும் என்பவர்களுக்கு நம் ஆண்டாள் கொண்டை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிற அந்தக் கொண்டைக்கு ஈடாக ஒரு டிசைனரும் இதுவரை எதையும் செய்துவிடவில்லை என்பது என் கட்சி.

தோழி சொன்னதில் இன்னொன்று. திரையில் பெயர் வாங்குகிற தலைகளைச் செய்கிற பெண்கள் வெளியே தெரிவதேயில்லை. மும்பையில் மேக்கப் கலைஞர்கள் சங்கம் பல காலம் பெண்களுக்கு ஹேர் டிரெஸ்ஸர் அட்டை மட்டும் கொடுத்து, மேக்கப் அட்டை தர மறுத்தது. சாரு குரானா என்ற கலைஞர் வழக்குப் போட்டு, 2014இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. நடிகையின் முடி பற்றி ஆயிரம் பேர் பேசுகிறோம், அதைச் செய்த கை யாருடையது என்று கேட்டவர் குறைவு.

சரி, சுருட்டை முடிக்கு வருவோம். எனக்கே சுருட்டை, ஆகவே இதில் நான் நடுநிலை இல்லை. முன்பெல்லாம் சுருட்டை முடிப் பெண்கள் என்னிடம் வருவது ஒரே காரணத்துக்கு, நேராக்க வேண்டும். கூட வருகிற அம்மாதான் பேசுவார். "பரட்டத் தலையோட எங்கம்மா பொண்ணு பார்க்க உட்கார வைக்கிறது?" 2015இல் ‘ஓ காதல் கண்மணி’யில் நித்யா மேனன் தன் சுருட்டை முடியோடேயே வந்தார். அதைத் தொடர்ந்து கேள்வி கொஞ்சம் மாறியதை நான் என் கடையிலேயே பார்த்தேன். "இதை இப்படியே அழகா வச்சுக்க முடியுமாக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே படத்தைக் காட்டி, "இவளுக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுங்கப்பா" என்று சொன்ன அம்மாக்களும் உண்டு. ஒரே தலை, அம்மாவுக்கு ஒன்றாகவும் மகளுக்கு வேறாகவும் தெரிகிறது.

சுருட்டை முடி வைத்திருப்பவர்கள் யாரிடம் வெட்டினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், காய்ந்த நிலையில் வெட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் சுருட்டை இழுபட்டு நீளமாகத் தெரியும். தோள் என்று குறித்து வெட்டினால் காய்ந்ததும் தாடைக்கு ஏறிவிடும். முன்முடியில் இது இன்னும் மோசம், புருவத்தில் வெட்டியது நெற்றி நடுவில் போய் நிற்கும். வீட்டில், காய்ந்த முடியைச் சீவாதீர்கள். குளித்த ஈரத்தோடு கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். துண்டால் பரபரவென்று துடைப்பதை விட்டு, பழைய பருத்தி பனியனால் ஒற்றி எடுங்கள். பரட்டை என்று அம்மாக்கள் சொல்வதில் பாதி, காய்ந்த சுருட்டையைச் சீவிச் சீவி நாமே உண்டாக்கியது.

நேராக்குவதை நான் மறுப்பதில்லை, அது அவரவர் தலை. என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். ரீபாண்டிங்கில் முடிக்கு உள்ளே இருக்கிற கந்தகப் பிணைப்புகளை மருந்தால் உடைத்து, அயர்ன் போட்டு நேராக்கி, இன்னொரு மருந்தால் அந்த நிலையிலேயே பூட்டுகிறோம். பூட்டிய முடி நேராகவே இருக்கும். வேரிலிருந்து புதிதாக வருவது பழைய சுருட்டைதான். ஆறேழு மாதத்தில் மேலே நாலு விரல் சுருள், கீழே கோரை என்று ஒரு கோடு விழும். நடிகைக்கு அந்தக் கோட்டைத் தினமும் சரிசெய்ய ஆள் உண்டு. உங்களுக்கு இருக்கிறதா? மருதாணியும் சாயமும் ஏறிய முடியில், ப்ளீச் செய்த முடியில் இதைச் செய்தால் பொடிப்பொடியாக உடைகிற ஆபத்து இருக்கிறது, எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கெரட்டின், ஸ்மூத்னிங் என்று வருகிற பலவற்றிலும் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளியேறும். அது புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இருக்கிற பொருள். அயர்ன் வைக்கும்போது கண் எரிந்து மூக்கில் நீர் வழிந்தால், ‘அப்படித்தான் இருக்கும்’ என்று யார் சொன்னாலும் நம்பாமல் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நான் செய்வதில்லை. ஏசி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாள் முழுக்க இந்த வேலையைச் செய்கிற பார்லர் பிள்ளைகளின் மூச்சைப் பற்றியும் யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

கலர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பல், தேன் என்று நடிகைகளின் தலையில் பார்க்கிற வெளிர் நிறங்கள் எதுவும் நம் கறுப்பு முடியில் நேரடியாக ஏறாது. முதலில் ப்ளீச் செய்து கறுப்பை எடுக்க வேண்டும். கூடக் கலக்கிற டெவலப்பர் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். எண் ஏற ஏற வேகமும் சேதமும் ஏறும், 40ஐத் தலைத்தோலில் படவிடவே கூடாது. படத்தில் பார்ப்பது கலர் போட்ட சூட்டோடு எடுத்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் பத்துத் தடவை அலசிய பிறகு அந்தச் சாம்பல் மஞ்சளாகத் திரும்பியிருக்கும். கறுப்புச் சாயம் போடுகிறவர்கள், குறிப்பாக ‘கறுப்பு மருதாணி’ பாக்கெட் வாங்குகிறவர்கள், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். பிபிடி என்ற சாயப்பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும், பல வருஷம் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஒரு முறை முன்னால் ஒரே ஒரு கீற்று மட்டும் வெளிர் நிறம் கேட்ட காலேஜ் பெண்ணைப் பார்த்து, பெஞ்சில் இருந்த பெரியம்மா ஒருவர், "இந்திரா காந்திக்கு இதெல்லாம் சும்மாவே இருந்துச்சு, எதுக்கும்மா காசு கொடுக்கிறே?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு யார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

நரையில்தான் கருத்துகள் உண்மையான பல்லைக் காட்டும். ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நடித்த சமீரா ரெட்டி 2021இல் நரையை மறைக்காமல் படம் போட்டார். ஏன் மறைக்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று தன் அப்பாவே கவலைப்பட்டதாக எழுதியிருந்தார். முன்பு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வேரில் சாயம் போட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னார். என் கடையில் அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கென்ன, கல்யாணம் ஆயிருச்சு, பிள்ளைங்க இருக்கு, இனி யார் கேட்கப் போறா" என்றார் ஒருவர். சொன்னவருக்கும் கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் இருந்தன. அவரும் மாதம் தவறாமல் வேரில் சாயம் போட வருகிறவர். நான் ஒன்றும் சொல்லவில்லை, பிரஷ்ஷை எடுத்தேன்.

சாயத்தை நிறுத்த நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஒரே நாளில் நிறுத்தினால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே அப்பட்டமாகக் கோடு தெரியும், அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பலர் மூன்றாம் மாதத்தில் மறுபடி சாயத்துக்கு ஓடுகிறார்கள். முடியைத் தோளுக்குக் குறைத்துக்கொண்டு, வகிட்டுப் பக்கம் மெல்லிய கீற்றுகளாக வெளிர் நிறம் கலந்துவிட்டால் கோடு மங்கும். தோள் நீளம் முழுக்க இயற்கையாக மாற இரண்டு வருஷம்கூட ஆகும். இடையில் வரும் கல்யாணங்களுக்கு வேர் மறைக்கிற ஸ்ப்ரே போதும்.

மொட்டை, ஒட்ட வெட்டிய முடி. இதில் கருத்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று நான் கறாராகவே சொல்வேன். 2007இல் அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தானே தலையை மழித்துக்கொண்டபோது உலகமே அதைச் சிரிப்பாக்கியது. 2022 ஆஸ்கர் மேடையில் நடிகை ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் ஒட்ட மழித்த தலையை வைத்து கிறிஸ் ராக் நகைச்சுவை சொல்லப் போக, கணவர் வில் ஸ்மித் மேடையேறி அறைந்தார். ஜேடா அதற்கு நான்கு வருஷம் முன்பே தனக்கு முடி உதிரும் நோய் இருப்பதைச் சொல்லியிருந்தார். அறைந்தது சரி என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாமல் சொல்கிற கருத்து எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நம் ‘காதலர் தினம்’ சோனாலி பேந்த்ரே 2018இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் முடியை வெட்டிக்கொண்டு அந்தப் படத்தையும் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் என் கடைக்கு வந்த ஒருவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அந்தப் படத்தைக் காட்டி, "இப்படி எடுத்திருங்க. ஆஸ்பத்திரியில கொட்டுறதுக்கு முன்னாடி நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

அப்படி வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியவை உண்டு. முடி கொட்ட வைக்கும் கீமோ என்றால் பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும், உங்கள் மருந்தில் அப்படி ஆகுமா என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். விக் வேண்டுமென்றால் முடி இருக்கும்போதே நிறமும் வகிடும் பார்த்து எடுத்துவிடுங்கள். மழிக்கப் பிளேடு வேண்டாம், டிரிம்மர் போதும். அந்தச் சமயத்தில் சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வாசல். தலைக்குப் பருத்தித் துணி கட்டுங்கள். சிகிச்சைக்குப் பின் வருகிற முடி சிலருக்குச் சுருண்டு வரும், வேறு நிறத்திலும் வரும், பயப்பட வேண்டாம். சாயமும் முடியை நேராக்கும் மருந்தும் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

டெங்குவுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு விஷயம். உடம்பு பட்ட அதிர்ச்சிக்கு முடி தாமதமாகப் பதில் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே திரும்பி வந்துவிடும். கண் பட்டது, ஷாம்பூ சரியில்லை என்று அந்த நேரத்தில் பயந்துபோய் ‘பாய் கட் அடிச்சிருங்கக்கா’ என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். நுனி மட்டும் எடுத்துவிட்டு, இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வேன்.

எங்கள் பக்கம் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பெண் மொட்டைத் தலையோடு போனால் முதல் கேள்வியே, "பழனிக்கா?" ஆம் என்றால் அடுத்த கேள்வி கிடையாது, சந்தனம் தடவச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போவார்கள். சாமிக்கு என்றால் சரி, தனக்கு என்றால் மட்டும் ஊர் விசாரணை. 2000இல் ‘வாட்டர்’ படத்தில் விதவைகளாக நடிக்க ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் மொட்டை அடித்துக்கொண்டார்கள். காசியில் எதிர்ப்புக் கிளம்பிப் படப்பிடிப்பே நின்றுபோனது. அடித்த மொட்டை அடித்ததுதான். அந்தப் படத்தைப் பின்னர் இலங்கையில் வேறு நடிகைகளை வைத்து எடுத்தார்கள். எனக்குத் தெரிந்து ஒரு காலேஜ் பெண் வெயிலுக்காக ஒட்ட வெட்டிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் பழனி என்றே சொல்லிச் சமாளித்தாள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நானும் ஒத்து ஊதினேன்.

வீட்டுப் பஞ்சாயத்துக்கு என் கைவசம் இருக்கிற வைத்தியம் இதுதான். இடுப்பிலிருந்து ஒரேயடியாகத் தாடைக்கு வராதீர்கள். முதலில் நடு முதுகுக்கு. வீட்டில் பேசுவார்கள், பத்து நாளில் ஓய்ந்துவிடும். இரண்டு மாதம் கழித்துத் தோளுக்கு. அப்போது, "போன தடவை நல்லா இருந்துச்சே" என்பார்கள், அதாவது அன்று திட்டிய கட் இப்போது நல்ல கட் ஆகிவிட்டது. அதற்கப்புறம் பாப். கடைசிக் கட்டத்துக்கு மாமியாரையும் கூட்டிவந்து அவருக்கு ஒரு ஃபேஷியல் போட்டுவிடுங்கள் என்று ஒருவருக்கு விளையாட்டாகச் சொன்னேன். கூட்டிவந்தே விட்டார். அந்த அத்தை எழுந்திருக்கும்போது, "எனக்கும் நுனியில கொஞ்சம் எடுத்துவிடும்மா, கொண்டை கனமா இருக்கு" என்றார்.

பாப் கட் பராமரிப்புக் குறைவு என்று நம்பி வராதீர்கள். நீள முடியை மூன்று மாதம் வெட்டாமல் விட்டாலும் பின்னலில் மறைந்துவிடும். பாப் ஆறு எட்டு வாரத்தில் உருக்குலையும், தூங்கி எழுந்தால் ஒரு பக்கம் மடிந்திருக்கும், பூ வைக்க கிளிப் தேட வேண்டும். கழுத்தில் காற்றுப் படும் சுகம் மட்டும் உண்மை. அதற்காகவே வெட்டலாம்.

வெட்ட வருகிறபோது நடிகையின் படத்தைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள், கூச்சம் வேண்டாம். விளம்பரப் படம் வேண்டாம், ஏர்போர்ட்டில் நடந்து போகும்போது எடுத்தது இருந்தால் கொண்டுவாருங்கள், அதில்தான் முடி உண்மையைச் சொல்லும். பின்பக்கம் தெரிகிற படமும் ஒன்று வேண்டும். கூடவே உங்கள் பழைய படம் ஒன்று, உங்கள் முடி உங்களுக்கே பிடித்திருந்த நாளில் எடுத்தது. தலைக்கு எண்ணெய் வைக்காமல், தினமும் எப்படிக் கட்டுவீர்களோ அப்படிக் கட்டிக்கொண்டு வாருங்கள். கட்டிய விதத்தில்தான் எங்கே உடைந்திருக்கிறது, வகிடு எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியும். முடிந்தால் செவ்வாய்க்கிழமை வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்டக் கூடாது என்று ஊரில் யாரும் வர மாட்டார்கள், பெஞ்சு காலியாக இருக்கும், கருத்துச் சொல்ல ஆள் இருக்காது.